சக்கர நாற்காலி கேட்பவர்கள் எல்லாரும் நடிக்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு விமானங்களில் சக்கர நாற்காலி கேட்கும் முதியவர்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். போகும்போது நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகச் சொல்பவர்கள், சென்னையில் வந்து இறங்கியதும் பெட்டி எடுக்கும் இடத்துக்கு ஓட்டமாக ஓடுகிறார்கள், இது சுத்த ஏமாற்று வேலை, கட்டணம் வைத்தால்தான் அடங்குவார்கள் என்பது அவர் கட்சி. அவர் பார்த்தது பொய்யில்லை. நானும் அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓடுகிறவர் எதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை அவர் விசாரிக்கவில்லை. நான் விசாரித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து, கடைசிக் காலத்தில் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக ஓய்வு பெற்றவன். பேருந்தின் நெற்றியில் 'மன்னார்குடி' என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கும். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, "சார், இது மன்னார்குடி போகுமா?" என்று கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எரிச்சலாக வரும். போகப்போகத்தான் புரிந்தது. பலகை என்ன சொன்னாலும், ஒரு மனுஷன் வாயால் "போகும், ஏறுங்க" என்று சொன்னால்தான் சிலருக்குக் கால் எழும்பும். பலகையை மட்டும் நம்பி வண்டி ஏறுகிற ஜனம் வேறு, ஆளைக் கேட்டு ஏறுகிற ஜனம் வேறு. நம் ஊரில் இரண்டாவது வகைதான் அதிகம்.

என் மகள் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் போகும் விமானம் கிடையாது. வளைகுடா, ஃபிராங்ஃபர்ட், லண்டன் என்று எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். மாப்பிள்ளை எங்களுக்கு வளைகுடா வழியாகச் சீட்டு எடுத்திருந்தார். சென்னையிலிருந்து அங்கே நாலரை மணி நேரம். அங்கிருந்து டல்லாஸுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், அதனால் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சந்தேகம் கேட்க நான் போயிருந்த டிராவல்ஸ்காரத் தம்பிக்கு அது தாங்கவில்லை. "இருக்கட்டும் சார், போட்டுக்குங்க, ஃப்ரீதானே" என்றார். அவர் என் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நாற்காலியிலும் வகை உண்டு. படியேற முடியும், தூரம் நடக்கத்தான் முடியாது என்பவருக்கு ஒரு குறியீடு. படியும் ஏற முடியாதவருக்கு இன்னொன்று. இருக்கை வரை தூக்கிக்கொண்டே போகவேண்டியவருக்கு மூன்றாவது. சீட்டுப் போடும்போது இதில் ஒன்றைத்தான் சொல்லவேண்டும். 'நன்றாக நடப்பேன், ஆனால் ஆங்கிலம் தெரியாது, இதற்கு முன் விமானம் ஏறியதில்லை' என்பதற்கு இந்த மூன்றில் இடமில்லை. ஆகவே அப்படிப்பட்டவர்களையும் முதல் வகையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படிச் சேர்க்கப்பட்ட ஒரு அம்மாவைச் சென்னையிலேயே பார்த்தோம். பட்டுக்கோட்டைப் பக்கம். மகளுக்குத் தலைப்பிரசவம் என்று தனியாகக் கிளம்பியிருந்தார். அவருக்கும் டல்லாஸ்தான். அறுபதைத் தாண்டிய வயது. நேற்று வரை நடவுக்குப் போய்வந்த உடம்பு. என் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் நாற்காலி. "முட்டி வலியா?" என்று இவள் கேட்டதற்கு, "எனக்கென்னக்கா வலி? இதுல உக்காந்தா எவனாச்சும் கொண்டுபோய்ச் சேத்துருவான்னு பொண்ணு சொல்லுச்சு" என்றார். வாசகர் தேடும் நடிப்பு இவ்வளவுதான். கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள்: 'என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும், தயவுசெய்து உதவுங்கள்' என்று மகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது. கீழே மகளுடைய தொலைபேசி எண். அடுத்த பக்கத்தில், அமெரிக்க அதிகாரி என்னென்ன கேட்பார், அதற்கு எந்த வரியைக் காட்டவேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. பிரசவ லேகியத்தைக் கைப்பையில் வைத்திருந்தார். திரவமோ குழைவான பண்டமோ 100 மில்லிக்கு மேல் கைப்பையில் கூடாது என்பதால் சோதனையில் அது போயிற்று. பெரிய பெட்டியில் போட்டிருந்தால் அதன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

வளைகுடாவில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. விமான வாசலிலேயே நாற்காலிகள் வரிசையாக நின்றன. பட்டியலில் பெயர் பார்த்து ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட ஓடினேன். மின்தூக்கி, நகரும் பாதை, இன்னொரு சோதனை எல்லாம் கடந்து ஒரு மூலைக்குக் கொண்டுபோனார்கள். கயிறு கட்டிப் பிரித்த இடம். அங்கே ஏற்கெனவே இருபது, முப்பது பேர் நாற்காலியோடு நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஆந்திரா, பஞ்சாப், குஜராத், கேரளா, நம்மவர்கள். தள்ளிவந்த பையன் நேபாளம், தங்கமான பிள்ளைதான். ஆனால் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி மேசையில் கொடுத்துவிட்டு, "வெயிட்" என்ற ஒரே வார்த்தையோடு அடுத்த விமானத்துக்குப் போய்விட்டான். அவனுக்கு அவ்வளவு வேலை.

மூன்று மணி நேரம் அங்கே இருந்தோம். நடக்கத் தெரிந்தவர்களும் நடக்க முடியாதவர்களும் ஒரே மாதிரி, காகிதம் கையில் இல்லாமல். பட்டுக்கோட்டை அம்மாவுக்குச் சிறுநீர் கழிக்கப் போகவேண்டும். சென்னையில் ஏறியதிலிருந்து போகவில்லை. மேசையில் இருந்த பெண்ணிடம் சைகை காட்டினார். அந்தப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே கையமர்த்தினாள். எழுந்து போனால் நாற்காலியை எடுத்துக்கொள்வார்களோ, வண்டி போய்விடுமோ, பாஸ்போர்ட் என்ன ஆகும் என்று இவருக்குக் கலக்கம். அந்தச் சமயம் தரை துடைத்துக்கொண்டு வந்த ஒரு பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நின்றான். ராமநாதபுரம் மாவட்டம். "அம்மா, இந்தா தெரியுது பாருங்க, அதுக்குப் பின்னாடிதான் பாத்ரூம். போயிட்டு வாங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றான். அவர் எழுந்து விறுவிறுவென்று போய்விட்டு வந்தார். வாசகர் அந்த நேரம் பார்த்திருந்தால், 'அதோ பாருங்கள் ஓட்டத்தை' என்றிருப்பார்.

அந்தப் பையன் போகும்போது இன்னொன்றும் செய்தான். எங்கள் விமானத்தின் கேட் மாறிவிட்டது என்று மேலே திரையைப் பார்த்துச் சொன்னான். திரை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறிமாறி ஓடிக்கொண்டிருந்தது. நான் மேசையில் போய்ச் சொல்லி, அப்புறம் ஆட்கள் வந்து, கடைசி நேரத்தில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இத்தனை பெரிய நிலையத்தில் தமிழ் பேசும் ஆளுக்கா பஞ்சம்? சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார்கள், துடைப்பத்தோடு இருக்கிறார்கள், பெட்டி ஏற்றுகிற இடத்தில் இருக்கிறார்கள். வழி சொல்லும் இடத்தில் மட்டும் யாரும் வைக்கவில்லை.

பதினாறு மணி நேரப் பயணத்தைப் பற்றி எல்லாரும் கால் வலி, இடுப்பு வலி என்றுதான் சொல்வார்கள். அது இருக்கிறதுதான். என் கவலை வேறு. விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி மலையில் இருக்கும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஊட்டி உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் இருக்காது. காற்று அப்படியொரு வறட்சி. மூக்கு காயும், உதடு வெடிக்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வப்போது எழுந்து நடக்கவேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2007-ல் அறிவித்தது. ஏறக்குறைய ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வயதானவர், தண்ணீரே குடிக்காதவர், இருக்கையை விட்டு எழாதவர் என்றால்?

பட்டுக்கோட்டை அம்மா நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்கிறார், ஜூஸ் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். என் மனைவி மெல்லக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. முதல் விமானத்தில் கழிவறை வரை போயிருக்கிறார். கதவில் கைப்பிடியைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. பின்னால் ஆள் நிற்கவும் கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் குடித்தால்தானே போகவேண்டும், குடிக்காமல் இருந்துவிடலாம் என்று முடிவு. அந்தக் கதவு நடுவில் கைவைத்துத் தள்ளினால் உள்பக்கமாக மடிந்து திறக்கும். உள்ளே போய்த் தாழ் போட்டால்தான் விளக்கு முழுதாக எரியும். தண்ணீர் விடும் பொத்தானை அழுத்தினால் படாரென்று உறிஞ்சும், அந்தச் சத்தத்துக்குப் பயப்படக்கூடாது. இவ்வளவுதான் பாடம். என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்துபோய்ச் சொல்லிக்கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த அம்மா தண்ணீரும் குடித்தார், நாலைந்து முறை எழுந்து நடக்கவும் செய்தார். திரையில் ஓடும் வரைபடத்தில் விமானம் கிரீன்லாந்து பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நேரா போகாம இப்படிச் சுத்துறான்?" என்று என்னிடம் கேட்கும் அளவுக்குத் தெளிந்துவிட்டார். பூமி உருண்டை என்பதால் வடக்கே வளைந்து போவதுதான் கிட்ட வழி என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

சாப்பாட்டிலும் ஒரு கூத்து. பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் வரை கவுச்சி தொடுவதில்லை என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர் அவர். மகள் சீட்டுப் போடும்போது 'இந்து உணவு' என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மூடியைத் திறந்தால் கோழிக்கறி. விமானக் கணக்கில் இந்து உணவு என்றால் மாட்டிறைச்சி இல்லாத உணவு, அவ்வளவுதான். கோழியும் ஆடும் மீனும் வரலாம். நம் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் 'ஆசிய சைவ உணவு' என்பதைத்தான் குறிக்கவேண்டும், அதையும் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னாலாவது சொல்லிவிடவேண்டும். சீட்டு விற்கிறவர்கள் இதையாவது வாய்திறந்து சொல்லலாம். நல்லவேளை, என் மனைவி தட்டில் சைவம் இருந்தது, பங்கு போட்டுக்கொண்டார்கள்.

டல்லாஸில் நாற்காலிக்குத் தனி வரிசை, சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நியாயமாகச் சொல்லவேண்டும், இந்த வரிசைக்காகவே உட்காருகிறவர்களும் உண்டு. எங்கள் விமானத்திலேயே ஒரு பெரியவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி வாசகர் எழுதியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடுவேன்.

திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வளைகுடா வரை ஒன்று, ஒன்றரை மணி நேரம் குறைவு. அங்கிருந்து சென்னை விமானத்தில் ஏறியதுமே ஆட்களின் முகமே மாறிவிட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பையன்கள் பாதி விமானம் நிறைய இருந்தார்கள். ஒருவன் பாட்டிக்குப் பெல்ட் மாட்டிவிடுகிறான், ஒருவன் பெட்டியை மேலே ஏற்றுகிறான், யாரும் கேட்கவில்லை. சென்னையில் இறங்கி, புதிய முனையத்தின் கூடத்துக்கு வந்தோம். அமெரிக்காவிலிருந்து எங்களோடு நாற்காலியில் வந்த மூன்று பேர் இங்கே எழுந்து நடக்க ஆரம்பித்தார்கள். நாற்காலிக்காகக் காத்திருக்கவில்லை. ஏன் காத்திருக்கவேண்டும்? பலகையில் தமிழ் இருக்கிறது. எதிரே வருகிற யாரிடம் கேட்டாலும் தமிழில் பதில் வருகிறது. வாசகர் கண்டுபிடித்த அதிசயம் இதுதான். அவர்கள் கால் சென்னையில் குணமாகவில்லை. கால் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வழிகாட்ட ஓர் ஆள், கொடுத்தது நாற்காலி.

இதில் பாதிக்கப்படுவது யார் என்றால், என் மனைவி போன்றவர்கள். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நியூயார்க்கிலிருந்து வந்த 80 வயதுப் பயணி. அவரும் மனைவியும் ஆளுக்கொரு நாற்காலி கேட்டிருந்தார்கள். ஒன்றுதான் கிடைத்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனை நடக்கும் இடத்தில் சரிந்து விழுந்தார், உயிர் போய்விட்டது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அவரை ஏற்றிவந்த ஏர் இந்தியா நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. நாற்காலிகளைக் கூட்டவேண்டும் என்று அப்போது பேசினார்கள். கூட்டட்டும், வேண்டியதுதான். ஆனால் வழி கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, அதைத் தள்ள ஓர் ஆள் என்று போனால் எத்தனை வாங்கினாலும் போதாது. தள்ளுகிற ஒருவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. தனியாகப் பறக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. கழுத்தில் அட்டை மாட்டி, ஓர் ஊழியர் கையிலிருந்து அடுத்த ஊழியர் கைக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார்கள். விமான நிறுவனங்களின் சீட்டுக் கணினியில் 'எம்.ஏ.ஏ.எஸ்.' என்று ஒரு குறியீடும் இருக்கிறது: எதிர்கொண்டு அழைத்து வழிகாட்டவேண்டிய பயணி என்று பொருள். வயதானவர், மொழி தெரியாதவர், முதல் தடவை போகிறவர் எல்லாரையும் இதில் போடலாம். எல்லா நிறுவனங்களும் தருவதில்லை, சில இடங்களில் காசு கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் நாற்காலியை விட்டுவிட்டு இதை யார் கேட்பார்கள்? எங்கள் டிராவல்ஸ்காரத் தம்பியிடம் திரும்பி வந்ததும் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கு சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். சொன்னால்தானே கேட்பார்கள்!

லண்டன் பக்கத்து கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்குச் சூரியகாந்திப் படம் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் ஊழியர்கள் தாங்களே கிட்ட வந்து உதவுவார்கள். உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்களில் இன்று அது நடைமுறையில் இருக்கிறது. அதே போல மொழி தெரியாதவருக்கு ஒரு பட்டை, தமிழ் பேசும் ஊழியருக்குச் சட்டையில் ஒரு வில்லை. இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? ராமநாதபுரத்துப் பையனுக்கு அந்த வில்லையைக் குத்தி, அரை மணி நேரம் துடைப்பத்தைக் கீழே வைக்க அனுமதி கொடுத்திருந்தால் அந்தக் கயிற்று மூலையில் பாதி காலியாகியிருக்கும்.

தமிழக அரசில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கப் பறக்கும் அப்பா அம்மாக்களுக்காக நாலு பக்கத்தில் ஒரு தமிழ்த் தாள் அச்சடித்துச் சென்னை, திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களில் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். கழிவறைக் கதவு எப்படித் திறக்கும், எந்தச் சாப்பாட்டைக் குறிக்கவேண்டும், லேகியத்தை எந்தப் பெட்டியில் வைக்கவேண்டும், கேட் மாறினால் எங்கே பார்க்கவேண்டும், மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குச் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கிளம்பும் முன்னே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்பது வரை அதில் இருக்கட்டும். சக்கர நாற்காலி யாருக்கு, வழிகாட்டி யாருக்கு என்பதையும் முதல் பக்கத்திலேயே போடட்டும்.

வாசகர் சொல்கிறபடி நாற்காலிக்குக் கட்டணம் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நடக்க முடியாதவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும், தண்டம் மாதிரி. பட்டுக்கோட்டை அம்மாவின் மகளும் கொடுத்துவிடுவாள். தாயைத் தனியாக அனுப்புகிற பிள்ளை நூறு டாலருக்கா யோசிக்கும்? வரிசையைத் தாண்டுவதற்காக உட்காருகிற அந்தப் பெரியவர், காசு கட்டியாயிற்று என்று இன்னும் சட்டமாகக் கால்மேல் கால் போட்டு உட்காருவார். கயிற்று மூலையில் கூட்டம் அப்படியேதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நேரக் காப்பாளர்,
கும்பகோணம்.